பழைய வீட்டு லேப்டாப்: வேகமும் வேண்டும், உள்ளே இருக்கும் படங்களும் பிழைக்க வேண்டும்

மாடிப்படி கேட்டது:

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே லேப்டாப். 2017-இல் வாங்கியது. இன்டெல் ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா அதில் கணக்கு எழுதுவார், கடிதம் தட்டச்சு செய்வார். மகள் பாட வீடியோ பார்ப்பாள். நான் எப்போதாவது வங்கி வேலைக்குத் திறப்பேன். மூன்று பேருக்கும் ஒரே லாகின்தான்.

இப்போது பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் வந்து நிற்பதற்கு ஏழு நிமிடம் ஆகிறது, கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். முகப்புத் திரை சீக்கிரமே வந்துவிடும். அதற்கப்புறம்தான் கொடுமை. மவுஸ் அசையும், ஆனால் எதைத் தட்டினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தில் இருக்கும் டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை.

உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து ஸ்பீட் பூஸ்டர் என்று ஒன்றும், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று ஒன்றும் போட்டுவிட்டுப் போனான். ஏற்கெனவே ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது, கூடவே இன்னொன்றையும் சேர்த்திருக்கிறான். முன்பைவிட இப்போதுதான் மோசம். போதாக்குறைக்கு வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்" என்று சிவப்பாக ஒரு பெட்டி எட்டி எட்டிப் பார்க்கிறது. அப்பா அதைத் தட்டப் போனார், நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்தேன்.

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் பிரதி இல்லை.

ஃபார்மட் செய்தால் சரியாகுமா? ரேம் மட்டும் கூட்டினால் போதுமா? இல்லை, தலைமுழுகிவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் வழியா? உள்ளே திறந்து பழக்கமில்லை. ஆனால் படிப்படியாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

சும்மா வந்தவன்:

ஒரே வழி, ஃபார்மட். ஒரு மணி நேர வேலை. எல்லாம் புதுசு மாதிரி ஆகிவிடும். படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

திருப்புளி:

மாடிப்படி, இப்போதைக்கு ஃபார்மட் பக்கம் போகாதீர்கள். மேலே சொன்னவர் மேல் கோபமில்லை, ஆனால் எது மெதுவாக்குகிறது என்று பார்க்காமல் ஃபார்மட் செய்தால், நோய் டிஸ்க்கில் இருக்கும்பட்சத்தில், அந்த ஒரு மணி நேர வேலை ஒரு நாள் முழுக்க இழுக்கும். பாதியில் நின்றும் போகும்.

நான் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருப்பவற்றில் பாதி உங்கள் லேப்டாப்பைவிட வயதானவை. இன்னும் ஓடுகின்றன. அதனால் புதிது வாங்கும் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

முதலில் எதையும் மாற்றாமல் வெறுமனே பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்று இருக்கும், அதைத் தட்டுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகளின் தலையில் சதவீதம் ஓடும். லேப்டாப்பைத் திறந்த உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து இன்னொரு தடவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை ஏன் கேட்கிறேன் என்றால், வீட்டு லேப்டாப்புக்கென்றே ஒரு வியாதி உண்டு. வாரத்தில் ஒருநாள் திறந்தால், அந்த வாரம் முழுக்கச் சேர்ந்த வேலை எல்லாம் அப்போதுதான் ஆரம்பிக்கும்: விண்டோஸ் அப்டேட் இறங்கும், ஆன்டிவைரஸ் பட்டியலைப் புதுப்பித்து ஸ்கேன் தொடங்கும், கோப்புத் தேடலுக்கான அட்டவணை தயாராகும், பிரவுசரும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அரை மணியில் அடங்கிவிட்டால் அது இந்த வியாதி. அதற்கு மருந்து, வாரம் ஒருமுறை சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடுவது. அரை மணிக்குப் பிறகும் டிஸ்க் 100-லேயே நின்றால் விஷயம் வேறு.

உங்களிடம் இருப்பது சுழலும் டிஸ்க். பெரும்பாலான லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தலை நகர்ந்து சரியான தடத்துக்குப் போய், வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னத் துண்டுகள் என்றால் வினாடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிய காரியம். சாதாரண எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். பெரிய படம் ஒன்றைக் காப்பி செய்யும்போது இவ்வளவு வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் ஏறும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒரேயடியாகக் கேட்கிறதே, அங்கேதான் தெரியும். ஒரே கவுன்டர் திறந்திருக்கும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிற கதை.

இதில் 4 ஜிபி ரேமும் சேர்ந்துகொள்கிறது. ரேம் நிறைந்தால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஆக ரேம் பற்றாக்குறை டிஸ்க் பத்தியில் வந்து நிற்கும். "டிஸ்க் 100 காட்டுகிறது, ரேம் பரவாயில்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

அந்தச் சிவப்புப் பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ "அலவ்" தட்டியிருப்பார்கள். அந்தத் தளம் இப்போது பிரவுசர் வழியாகப் பயமுறுத்துகிறது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் என்று தேடி, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். பிறகு "கேட்கவே வேண்டாம்" என்று வைத்துவிடுங்கள். அதோடு தொல்லை ஓய்ந்துவிடும். அந்தப் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கோ இணைப்புக்கோ மட்டும் போகாதீர்கள்.

ஸ்பீட் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் இரண்டையும் தூக்குங்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஏடு. அதில் சில நூறு வரிகளைக் குறைத்து எந்தக் கணினியும் வேகமாகி நான் பார்த்ததில்லை, கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறேன். இந்த வகை மென்பொருளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அது போகட்டும், இவற்றுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்து வைக்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்தல். பெயர் பெற்ற சிசிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே 2017-இல் யாரோ புகுந்து கெட்ட நிரலைச் செருகிவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பெயரே கேள்விப்படாத பூஸ்டரை நம்ப என்ன இருக்கிறது?

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் பரிசோதிப்பார்கள், ஒருவர் வேலையை இன்னொருவர் சந்தேகிப்பார். சுழலும் டிஸ்க் அதைத் தாங்காது. இரண்டையும் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் தொடும் முன் ஒரு சோதனை உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச மென்பொருள், அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை ஒரு நிறத்தில் வரும். நீலமா, மஞ்சளா? 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் கடைசிப் பத்தியில் என்ன இருக்கிறது? அப்படியே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் "அப் டைம்" என்று இருக்கும் எண்ணையும் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

மாடிப்படி:

ரொம்ப நன்றி அக்கா. சிவப்புப் பெட்டி போய்விட்டது. பட்டியலில் பதினைந்து தளங்கள் இருந்தன, அதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மற்ற விவரம்: திறந்த உடனே சிபியு 35, மெமரி 86, டிஸ்க் 100. அரை மணி கழித்து சிபியு 8, மெமரி 81, டிஸ்க் அப்போதும் 100. நடுநடுவே டிஸ்க் 100 என்று காட்டுகிறது, ஆனால் பக்கத்தில் வேகம் 0.2 எம்பிதான். இது எனக்குப் புரியவில்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள். "காஷன்" என்கிறது. 05-க்கு நேராகக் கடைசியில் 10, சி5-க்கு நேராக 30, சி6-க்கு 0. அப் டைம் 23 நாள் என்று வருகிறது! தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துதான் மூடுகிறேன்.

சும்மா வந்தவன்:

23 நாளா? அப்படியென்றால் மூடாமலே இருந்திருக்கிறீர்கள்.

திருப்புளி:

அவர் மூடியிருக்கிறார். விண்டோஸ் 8-லிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்த மென்பொருள்கள் மூடப்படும். விண்டோஸின் அடிப்பகுதியோ டிஸ்க்கில் எழுதி உறங்க வைக்கப்படும், மறுநாள் அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் சரியாகவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஷட் டவுனா ரீஸ்டார்ட்டா என்றுதான்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாடிப்படி, வேகத்தை இன்றைக்கு மறந்துவிடுங்கள்.

அந்த மென்பொருள் கடைசிப் பத்தியைப் பதினாறடிமான எண்ணில் (பத்துப் பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) காட்டுகிறது. உங்கள் 10 என்பது 16, உங்கள் 30 என்பது 48. 16 இடங்கள் ஏற்கெனவே கெட்டு, டிஸ்க் தன் உதிரி இடத்தில் மாற்றிக்கொண்டுவிட்டது. 48 இடங்களைப் படிக்க முடியாமல் "இது கெட்டதா இல்லையா" என்று தீர்ப்புக்காக நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த 48-இல் படம் இருக்கலாம், விண்டோஸ் கோப்பு இருக்கலாம், வெற்றிடமாகவும் இருக்கலாம். 100 சதவீதம் வேலை, 0.2 எம்பி வேகம் என்ற உங்கள் புதிருக்கும் இதுவே காரணமாக இருக்கும்: படிக்க வராத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது, பின்னால் எல்லாம் காத்திருக்கிறது.

இந்த நிலையில் செய்யக் கூடாதவை: டீஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடித் திருத்துவது), முழு வைரஸ் ஸ்கேன், ஃபார்மட். மூன்று நாளில் சாகுமா மூன்று வருடம் ஓடுமா என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கும் உயிரைப் படங்களை எடுக்கச் செலவிடுங்கள். ஆன்டிவைரஸ் நீக்கும் வேலையும் நிற்கட்டும், நீக்குவதும் டிஸ்க்கில் எழுதுவதுதானே.

வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை மாட்டி, மகளின் படங்களை முதலில் எடுங்கள். மொத்தக் கோப்புறையையும் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டாம், வருட வாரியாக எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் "ஸ்கிப்" கொடுத்து மேலே போங்கள், பெயரைக் குறித்து வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு விட்டுப்போனவற்றுக்கு வரலாம். அடுத்தது அப்பாவின் கணக்கு, கடிதங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறக்காதீர்கள், வீட்டில் பாதிப் பத்திரம் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள். அப்பாவின் கணக்கு மென்பொருள் தரவை எங்கே வைக்கிறது என்று பார்த்து, அதன் உள்ளேயே பேக்கப் பட்டன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காப்பி ஆனதும் வெளி டிஸ்க்கிலிருந்தே நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயர் வந்துவிட்டது என்பதற்காகப் படம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஒரு பிரதி போதாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய கணக்கு, இன்றும் அதைவிட நல்லதை யாரும் சொல்லவில்லை. வெளியே என்பது கிளவுடாக இருக்கலாம், உறவினர் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். கிளவுடில் ஒத்திசைவு மட்டும் இருந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம்: இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். வெளி டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டும்.

பெங்குயின் பிரியன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அக்கா சொன்ன காப்பி வேலையை விண்டோஸுக்குள் இருந்தே செய்ய வேண்டியதில்லை. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் திறக்கலாம். எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் ஓடாததால் அப்டேட்டும் ஸ்கேனும் டிஸ்க்கோடு மல்லுக்கட்டாது, காப்பி மட்டும் ஓடும். ஒரு சிக்கல் வரலாம்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் உறங்க வைத்த விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. இங்கே அது நல்லதுதான்.

அப்புறம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். ஏழாம் தலைமுறை வாசலிலேயே நின்றுவிட்டது. இந்த லேப்டாப்புக்கு மின்ட்டின் இலகுவான வகையான எக்ஸ்எஃப்சிஇ நன்றாகப் பொருந்தும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் சௌகரியம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, தட்டச்சு மொழியைக் கவனிக்கும் ஐபஸ்ஸில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் போதும்.

திருப்புளி:

பென்டிரைவ் யோசனை அருமை, மாடிப்படி அதையே செய்யட்டும். நானும் சாகக் கிடக்கும் டிஸ்க்குகளை அப்படித்தான் காலி செய்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவி அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாற்றும்போதும், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் தொடும்போதும்கூட இது குறுக்கே வரும்.

நிரந்தரமாக லினக்ஸுக்குப் போவது அப்பாவின் கணக்கு மென்பொருளைப் பொறுத்தது. பிரவுசரும் கடிதமும் மட்டும் என்றால் நானே தள்ளிவிட்டிருப்பேன். வருடக் கணக்காகப் பழகிய கணக்கு மென்பொருளை ஒரு பெரியவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, "இது அதைவிட நல்லது" என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. விண்டோஸ் 10-க்கு ஈஎஸ்யூ என்ற பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கிறது. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசில்லாமல் சேரலாம். அறிவித்திருப்பது 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் அப்பாவை, லினக்ஸிலும் ஓடும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸுக்குப் பழக்குங்கள், பெங்குயின் அண்ணன் சொன்னது பிறகு எளிதாகும்.

இனி உதிரி. பழைய டிஸ்க்கின் இடத்தில் எஸ்எஸ்டி போட வேண்டும். அதை வாங்கும் முன் உங்கள் லேப்டாப் மாடலின் பெயரோடு "சர்வீஸ் மேனுவல்" என்று தேடுங்கள். வழக்கமான லேப்டாப் டிஸ்க்குக்கான 2.5 அங்குல சாட்டா இடமா, சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 இடமும் இருக்கிறதா என்று அதில் இருக்கும். எம்.2 என்றால் அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்பதையும் பாருங்கள், உருவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று இன்னொன்றின் இடத்தில் வேலை செய்யாமல் போகலாம். 2.5 அங்குல எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், 9.5 மில்லிமீட்டர் இடத்திலும் சரியாக உட்காரும். ரேமுக்கு டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வரும். ரேமின் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்3எல்-ஆ என்பதை உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. சில லேப்டாப்களில் ரேம் பலகையோடு பற்றவைத்திருக்கும், அப்படியென்றால் இருப்பதோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது வசதி என்றால் எஸ்எஸ்டி. உங்கள் டிஸ்க்கின் நிலைமையில் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய, அதாவது மொத்தமாக நகலெடுக்க வேண்டாம். படிக்க வராத இடத்தில் குளோன் தடுக்கி விழும், தப்பித்தாலும் பூஸ்டர், இரண்டு ஆன்டிவைரஸ் எல்லாம் கூடவே குடிவரும். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானாகவே செயல்படும், சாவி கேட்டால் "என்னிடம் இல்லை" என்று கொடுத்துவிட்டு முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

திறக்கும்போது: சார்ஜரைப் பிடுங்கி, முழுதாக அணைத்து (ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்), அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே திருகைக் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டையானதின் இடத்தில் முறுக்கினால் மேலே விசைப்பலகைப் பக்கம் மொட்டுவிடும். மூடியை நெம்ப இரும்பு வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். உள்ளே மின்விசிறியில் தூசி படிந்திருக்கும். இறக்கை சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். சூடேறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அந்த மெதுவுக்கு எஸ்எஸ்டி மருந்தாகாது. பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருப்பது அதன் அறிகுறி, அத்தோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதை அழுத்துவதோ குத்துவதோ தீயில் முடியும்.

கோபக்காரக் குருவி:

எல்லாம் சரி, டிஃபெண்டர் மட்டும் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. வங்கி வேலை செய்கிற லேப்டாப். காசு கொடுத்து ஒன்று போட்டால்தான் நிம்மதி.

திருப்புளி:

போடுங்கள், தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று போடுங்கள். ஆனால் பாதுகாப்பின் பெரும்பகுதி ஆன்டிவைரஸுக்கு வெளியே இருக்கிறது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற, தானாகப் பரவும் புழு உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே அடைத்துவிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்களின் கணினியில் அந்தப் புழு தானாக நுழைய வழியில்லை.

மாடிப்படி வீட்டில் எனக்கு அதைவிடப் பயம் தருவது அந்த ஒரே லாகின்தான். மூன்று பேருக்கும் ஒன்றே, அதுவும் அட்மின் அதிகாரத்தோடு. புது விண்டோஸில் அட்மின் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து, கடவுச்சொல்லை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, உங்களுக்கும் ஒன்று, மூன்றும் சாதாரணக் கணக்கு. யாராவது எதையாவது நிறுவ முயன்றால் அட்மின் கடவுச்சொல் கேட்கும். உறவுக்காரப் பையன் அடுத்த முறை வரும்போது உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிரவுசரில் நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று போடுங்கள். பாதி மோசடி விளம்பரமாகத்தான் வருகிறது, பக்கமும் சீக்கிரம் திறக்கும். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டு படி சரிபார்ப்பு. "உங்கள் கணினியில் கோளாறு, தூரத்திலிருந்தே சரிசெய்கிறோம், இதை இறக்குங்கள்" என்று யாராவது அழைத்தால் பேசாமல் வைத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

மாடிப்படி:

முடித்துவிட்டேன்! பென்டிரைவில் மின்ட்டை ஏற்றித்தான் படங்களை எடுத்தேன். 2019-ஆம் வருடக் கோப்புறையில் மட்டும் சில வீடியோக்கள் சிக்கின. ஸ்கிப் கொடுத்துவிட்டுக் கடைசியில் திரும்ப முயன்றபோது ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. வெளி டிஸ்க் ஒன்று, கிளவுடில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று.

எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஆக்கினேன். காலியாக இருந்த இடத்தில் போட்டதால் பழையதைக் கழற்றவில்லை. பவர் பட்டனிலிருந்து பிரவுசர் பக்கம் வரை இப்போது 25 வினாடி. மின்விசிறியிலிருந்து எடுத்த தூசியை அப்பா வீட்டில் எல்லோருக்கும் காட்டினார். ஈஎஸ்யூவிலும் சேர்ந்தாயிற்று. அப்பாவுக்குத் தனிக் கணக்கு வைத்ததுதான் பெரிய சண்டை. "என் வீட்டு லேப்டாப்பில் எனக்கு அதிகாரம் இல்லையா" என்றார். கணக்கு மென்பொருள் தன் பழைய பேக்கப்பை எடுத்துக்கொண்டு திறந்ததும் சமாதானமாகிவிட்டார்.

இரண்டு சின்னக் கேள்வி. எஸ்எஸ்டியையும் மாதாமாதம் டீஃப்ராக் செய்ய வேண்டுமா? பழைய டிஸ்க்கை என்ன செய்வது? வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்கிறார்.

திருப்புளி:

டீஃப்ராக் வேண்டாம். விண்டோஸே எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, எந்த இடங்கள் இனி வேண்டாதவை என்று சொல்லும் டிரிம் கட்டளையை "ஆப்டிமைஸ்" என்ற பெயரில் அவ்வப்போது அனுப்பும். நீங்கள் செய்ய வேண்டியது, கொஞ்சம் இடத்தை எப்போதும் காலியாக விடுவது. இன்னொன்று, எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் சொல்லாமல் சாகும், பழைய டிஸ்க் மாதிரி மஞ்சள் காட்டிக் கெஞ்சாது. அதனால் இப்போது எடுத்த மூன்று பிரதியோடு கதை முடியவில்லை, புதுப் படங்களும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பழைய டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாங்குபவருக்கும் அது நல்ல பொருள் இல்லை, உங்கள் வங்கிக் காகிதங்களும் அதில் இருக்கின்றன. அழித்துவிட்டுக் கொடுக்கலாமே என்றால், டிஸ்க் மாற்றிவைத்த அந்த 16 இடங்களைச் சாதாரண அழிப்பு தொடாது. வராத அந்த ஒரு வீடியோ வேண்டாம் என்று முடிவாகும்வரை துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். மனம் மாறி, தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோக நினைத்தால் அது தேவைப்படும். வேண்டாம் என்று முடிவானதும் உடைத்துவிட்டு மின்கழிவில் சேருங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, சுத்தியலால் அடித்தால் தூள் தூளாகத் தெறிக்கும். மூடியைக் கழற்றாமல், தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். அந்த வேலையை உறவுக்காரப் பையனிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.